ஒரு மூச்சு நீளம்

மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கத் தொடங்குகிறார் கத்தரி அக்கா. "பார்சல் வந்துச்சா, முகவரி இருக்கான்னு பாரு, இல்லேன்னா திருப்பி அனுப்பு, இருந்தா தூரமா கிட்டவான்னு பாரு, தூரமா இருந்தா நாளைக்கு வண்டியில போடு, கிட்டன்னா இன்னைக்கு வண்டியில போடு, இன்னைக்கு லீவா இருந்தா..." லீவைத் தாண்டுவதற்குள் முகம் சிவந்து மூச்சு தீர்ந்துவிடுகிறது. மேஜையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. "இங்க வெட்டு." யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் உத்தரவு. பக்கத்து நாற்காலியில் இருக்கும் நான்தான் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு நிமிர்கிறேன்.

எங்கள் அலுவலகம் பார்சல் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. அக்கா அதில் புரோகிராமர். நான் அந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் குறிப்பு எழுதுகிறவன். ஆகவே அங்கே கொஞ்சம் இளக்காரமான பிறவி. கணினி செய்ய வேண்டிய வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்து எழுதுவார்கள். அந்தத் துண்டுக்கு மெத்தட் என்று பெயர். ஒரு மெத்தட் ஒரு வேலையைத்தான் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவசரம் என்று வந்துவிட்டால் அதற்குள்ளேயே இன்னொரு வேலையைத் திணிப்பார்கள், அதன் இடுக்கில் மூன்றாவதைச் செருகுவார்கள், கடைசியில் எழுதியவருக்கே அது அடையாளம் தெரியாமல் போகும். அப்படி நீண்டு கிடப்பதைச் சின்னச் சின்ன மெத்தட்களாகப் பிரித்து, பார்த்தவுடன் விளங்கும்படி பெயர் வைப்பதுதான் அக்காவுக்குப் பிடித்த வேலை. மற்றவர்கள் அதை ரீஃபேக்டரிங் என்பார்கள். அக்கா "ஒதுங்க வைக்கிறேன்" என்பார்.

"செய்யற வேலை அப்படியே இருக்கணும் தம்பி. படிக்கிறவன் படுற பாடு மட்டும் குறையணும். அவ்வளவுதான் விஷயம்."

எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில்தான். அக்காவின் வாய் வழியாக வரும்போது அது வீட்டுப் பேச்சாகிவிடும். ஒரே மூச்சில் வாசித்து முடிக்க முடிந்தால் அது நல்ல மெத்தட்; முடியாவிட்டால் கத்தரி. இந்த அளவுகோல் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஜலதோஷம் பிடித்த நாட்களில் அக்கா எழுதியது எல்லாம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருக்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவரும் அதை மறுத்ததில்லை.

ஐம்பதை நெருங்குகிறார். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, ஒரு காலை மடித்து நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டால்தான் அவருக்கு வேலை ஓடும். மேஜை இழுப்பறையில் சின்னச் சின்ன டப்பாக்கள். குண்டூசிக்கு ஒன்று, ரப்பர் பேண்டுக்கு ஒன்று, அறுந்த பொத்தானுக்கு ஒன்று, 'தலைவலி' என்று எழுதி மாத்திரைக்கு ஒன்று. 'மற்றவை' என்று எழுதிய டப்பாவும் இருக்கிறது. அது மட்டும் எப்போதும் காலி. "அதுல ஒண்ணைப் போட்டோம்னா போச்சு, மிச்சம் எல்லாம் அதுக்குள்ளயே போய் விழும்." அப்படியானால் அது எதற்கு என்று கேட்டேன். "பயம் இருக்கட்டும்னு வச்சிருக்கேன்" என்றார்.

அவருடைய கீபோர்டை யாரும் தொடக்கூடாது. எழுத்துகள் எல்லாம் தேய்ந்து, பாதிக்கு மேல் மொட்டையாக நிற்கும் பழைய கீபோர்டு அது. சாயங்காலம் கிளம்பும்போது பூப்போட்ட கைத்துண்டு ஒன்றால் மூடிவிட்டுத்தான் போவார். கணினி ரிப்பேருக்கு வருகிறவரிடம், "மேல கை வைக்காம சரி பண்ணுங்க தம்பி" என்று கூசாமல் சொல்வார். ஒரு தடவை எங்கள் மேலாளர் ஏதோ காட்டுகிறேன் பேர்வழி என்று குனிந்து கையை நீட்டினார். அக்கா கீபோர்டை அப்படியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வாயால சொல்லுங்க சார், நான் அடிக்கிறேன்." மேலாளர் வாயால் சொன்னார்.

இன்னொரு கெட்ட பழக்கம், அடுத்தவர் பேச்சை முடித்து வைப்பது. "அக்கா, நாளைக்கு நான்..." என்று ஆரம்பித்தால், "லீவு" என்பார். "இல்லக்கா, கொஞ்சம் சீக்கிரம்..." "கிளம்பணும். பல்லா?" ஆமாம், பல் டாக்டரிடம்தான். பெரும்பாலும் சரியாக இருந்து தொலைப்பதுதான் அதில் எரிச்சல். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்து நிதானமாக முடிக்கும் வரை காத்திருப்பது அவருக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்பது மாதிரி. நடந்தே போய்விடலாமே என்று கால் பரபரக்கும்.

என் குறிப்புகளும் அவரிடம் தப்பியதில்லை. அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தால், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். "ஒரு வாக்கியத்துக்குள்ள எத்தனை 'மற்றும்' தம்பி? இதை வச்சு ஒரு மாச மளிகையே வாங்கிடலாம் போலிருக்கே." கோபம் வரும். உட்கார்ந்து திருத்திய பிறகு படித்துப் பார்த்தால் கோபப்பட்டதற்கு வெட்கமாக இருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் எல்லாவற்றிலும் நேர் எதிர். அவரும் எங்கள் அலுவலகத்தில்தான் புரோகிராமர். அக்காவின் கணவர் என்பதால் எங்களுக்கு மாமா. கம்பெனி ஒற்றை அறையில் தொடங்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்சலை வாங்கி, எடை போட்டு, வண்டி பார்த்து, வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவது வரை எல்லாவற்றையும் செய்யும் மெத்தட் ஒன்றை அவர் அப்போது எழுதினார். அதற்கு வைத்த பெயர் 'அனுப்பு'. வருடங்கள் போகப் போக, கேட்டவர்கள் கேட்டதையெல்லாம் அதிலேயே சேர்த்துக்கொண்டு போனார். நாங்கள் அதை கூட்ஸ் வண்டி என்போம். மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்டப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். கடைசிப் பெட்டியைப் பார்ப்பதற்குள் விரல் வலி எடுத்துவிடும்.

மாமாவிடம் அதற்கு நியாயம் இருந்தது. "எல்லாம் ஒரே இடத்துல இருந்தா தேட வேண்டாம்ல? நீ வெட்டி வெட்டி வச்சதைப் படிக்க நான் வீடு வீடா ஏறி இறங்கணும்." வீட்டிலும் அவருக்கு ஒரே ஒரு இழுப்பறைதான். பேட்டரி, நகவெட்டி, பாஸ்போர்ட், மகளுக்கு முதலில் விழுந்த பால் பல் எல்லாம் அதில்தான். பார்க்காமலே கையை விட்டுக் கேட்டதை எடுத்துக் கொடுப்பார். கூட்ஸ் வண்டியில் அக்கா கை வைக்கக்கூடாது, அக்காவின் டப்பாக்களைப் பற்றி மாமா வாய் திறக்கக்கூடாது. இந்த ஒப்பந்தத்தில்தான் அவர்கள் இல்லறம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

போன வருடம் ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் நிமிரவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் இருந்து வீடு திரும்பியபோது நடை வந்துவிட்டது. வலது கை முழுதாக வரவில்லை. பேச்சு பாதிதான் வந்தது.

"பழசெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு தம்பி. வெளிய வர்ற வாசல்தான் குறுகலாயிடுச்சு" என்றார் அக்கா. அந்தக் குறுகிய வாசலில் கடைசியாகச் சொன்ன சொல் மாட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக ஒன்று கேட்டால் முதலில் அந்தப் பழைய பதிலே வரும். மறுபடி கேட்டால் சரியான பதில் வரும். பொறுமையாகக் கேளுங்கள், அவர் பேச்சை நீங்கள் முடித்து வைக்காதீர்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரிடம் போய் என்ன சொல்லியிருக்கிறார் பாருங்கள்! மாமா வாயைத் திறந்தால் அக்கா தன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளத் தொடங்கியது அப்போதிலிருந்துதான். பொத்திய கைக்கு மேலே கண் இரண்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

மாமாவுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். அதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தினமும் காலையில் அலுவலகச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துவிடுவாராம். மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். "மத்தவங்க எழுதினதைப் படிச்சுத் தப்பு சொல்ற வேலை ஒண்ணு இருக்கு மேடம். டைப் அடிக்கிறது குறைச்சல். வருஷக் கடைசி வரைக்கும் அந்த நாற்காலியை சாருக்கு வச்சிருக்கேன். அவர் வந்து 'அனுப்பு' மெத்தடைப் படிச்சு விளக்கிட்டார்னா போதும், எல்லாமே அது வழியாத்தானே போகுது. முடியலேன்னா வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும், தப்பா நினைக்காதீங்க."

தான் எழுதியதைத் தானே படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அக்கா மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய் கூட்ஸ் வண்டியை அவர் முன் திறந்து வைத்தார். மாமா இடது கையால் உருட்டிக்கொண்டே கீழே போனார். பாதியில் நின்று மேலே வந்தார். மறுபடி கீழே, மறுபடி மேலே. பிறகு மடிக்கணினியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"அவர் கட்டின வீடு. அவருக்கே உள்ள போக முடியலை" என்றார் அக்கா மறுநாள். கூட்ஸ் வண்டியைத் திரையில் திறந்து மேலும் கீழும் உருட்டினார். "மேல படிச்சது, கீழ வர்றதுக்குள்ள நழுவிடுது தம்பி. சரி, கீழன்னு ஒண்ணே இல்லாமப் பண்ணிட்டா?"

ஒப்பந்தத்தை மீற மாமாவிடமே அனுமதி கேட்டார். அவர் நெடுநேரம் யோசித்து, சரி என்று தலையை அசைத்தாராம். மேலாளருக்கு இதில் விருப்பமில்லை. யாரைப் பார்த்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்கிற அந்த மனிதர், "ஓடுற வண்டியை ஏன் நிறுத்தணும்?" என்று இழுத்தார். "நிறுத்தலை சார், ஓடும்போதே பெட்டியைக் கழற்றி மாட்டறேன்" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, அக்கா நாற்காலியில் காலை மடித்துக்கொண்டார்.

அளவுகோல் இப்போது அவருடைய மூச்சு இல்லை. பகலில் கூட்ஸ் வண்டியிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றுவார். சாயங்காலம் வீட்டில் மாமா அதைத் திரையில் விரல் வைத்துப் படிப்பார். விரல் எந்த வரியில் தயங்கி மேலே திரும்புகிறதோ, மறுநாள் அந்த வரியில் கத்தரி விழும். மெத்தட்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. 'முகவரி முழுசா இருக்கா' என்று ஒன்று. 'இன்று லீவா' என்று ஒன்று. பெயரைப் படித்தாலே போதும், உள்ளே போகவே தேவையில்லை. "அக்கா, இது மெத்தடா மாத்திரையா?" என்று எதிர் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "மாத்திரைதான். முழுங்கச் சுலபமா இருக்கணும்ல?" என்றார்.

வெட்டி முடித்ததை ஒரு திங்கட்கிழமை ஒரு பார்சல் கம்பெனியின் உண்மையான கோடவுனில் ஓடவிட்டார்கள். மதியத்துக்குள் என் மேஜைத் தொலைபேசி கதறத் தொடங்கிவிட்டது. விளக்கக் குறிப்பில் என் எண்தான் இருக்கிறது. முதலில் பேசியவர் ஒரு ஸ்கூட்டர்க்காரர். உடற்பயிற்சி செய்யும் இரும்புக் குண்டுகள் அடங்கிய பெட்டியை எடுத்துப் போக அவரை வரச் சொல்லியிருந்தது எங்கள் மென்பொருள். "சார், இதை நான் தூக்கணுமா, இது என்னைத் தூக்கணுமா?" அவருக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்த அழைப்பு. ஒரே ஒரு தலையணைக்காக லாரி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறதாம். எந்தப் பார்சலின் எடையும் அதனுடைய எடையாக இல்லை.

எங்கள் அலுவலகத்தில் எல்லாச் சோதனைகளும் சரியாகவே வந்தன. இங்கே தராசு கிடையாது. எடையை நாங்களே எண்ணாக அடித்துக் கொடுத்துத்தான் சோதிப்போம். அக்கா திரும்பத் திரும்பப் படித்தார். மூச்சு வாங்கவில்லை, எங்கேயும் முட்டவில்லை, ஒரு தப்பும் தெரியவில்லை. நாலு மணிக்கு மேலாளர் வந்தார். உட்காரவில்லை. "பழையதையே போட்டாச்சு மேடம். இதோட நிறுத்திக்கலாம். கூட்ஸ் வண்டி கூட்ஸ் வண்டியாவே இருக்கட்டும்."  கூட்ஸ் வண்டி அப்படியே இருந்தால் அந்த நாற்காலி மாமாவுக்கு இல்லை. அது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

அன்று அக்கா கீபோர்டைக் கைத்துண்டால் மூட மறந்து கிளம்பினார். அவரைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, கூடவே போனேன்.

மூன்றாவது மாடியில் வீடு. சமையலறையில் உப்பு, சர்க்கரை, மிளகு என்று பெயர் ஒட்டிய டப்பாக்கள் வரிசையாக நின்றன. மாமா அலுவலகச் சட்டையோடு மேஜையில் உட்கார்ந்து, கைக்குப் பயிற்சியாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"சாப்... பிட்டேன்."

"பொண்ணு எங்க?"

"சாப்பிட்டேன்."

மறுபடி கேட்டேன். "லைப்ரரி" என்றார், தெளிவாக.

அக்கா பையைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். தான் மாற்றியதை ஒவ்வொன்றாக ஒப்பித்தார். "பேரு மாத்தினேன். லீவுக் கணக்கைத் தனியா எடுத்தேன். வண்டி தேடுறதைத் தனியா எடுத்தேன். எடை வாங்குற வரி அடுத்தடுத்து ரெண்டு தடவை இருந்துச்சுங்க. தூக்கக் கலக்கத்துல ரெண்டு தடவை அடிச்சிருப்பீங்கன்னு ஒண்ணை எடுத்துட்டேன். அப்புறம்..."

பட்டாணி உரிக்கும் கை நின்றது. மாமா வாயைத் திறந்தார். "லைப்ரரி" என்றார். இல்லை என்று தலையை உதறினார். "லைப்ர..." ஆத்திரத்தில் மேஜையில் அடித்தார், பட்டாணி நாலாபக்கமும் சிதறியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா எழுந்து, மகள் கேக் செய்வதற்காக வாங்கிய சின்னத் தராசை அலமாரியிலிருந்து ஒரு கையால் இழுத்து மேஜையில் வைத்தார். அதில் ஒரு உருளைக்கிழங்கை வைத்தார். எண்கள் ஓடி நின்றன. கிழங்கை எடுத்தார், எடுத்த கையோடு அந்த இடத்தில் ஒற்றைப் பட்டாணியை வைத்தார். மலிவான தராசு, எண் உடனே மாறவில்லை. ஒரு கணம் அந்தப் பட்டாணி உருளைக்கிழங்கின் எடையோடு உட்கார்ந்திருந்தது. பிறகுதான் எண் சரசரவென்று இறங்கியது.

"முதல்ல... பொய்" என்றார் மாமா. கொஞ்சம் மூச்சு வாங்கினார். இரண்டு விரலை நீட்டினார். "ரெண்டாவது... நிஜம்."

அக்கா கையை எடுத்தார். "கோடவுன் தராசு முதல்ல போன பார்சலோட எடையைச் சொல்லும். அதனாலதான் ரெண்டு தடவை வாங்கினீங்க." மாமா ஆமாம் என்றார்.  பாராட்டப் போகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், அக்கா எகிறினார். "இதை ஒரு வரி பக்கத்துல எழுதி வச்சா கையா ஒடிஞ்சு போகும்?" சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமா தன் வலது கையைக் குனிந்து பார்த்தார்; பிறகு பாதி வாயால் சிரிக்க ஆரம்பித்தார்.

"எல்லாம்... ஒரே இடம்" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அக்கா சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். நான் திரும்பி நின்று உப்பு, சர்க்கரை, மிளகு என்று டப்பாக்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "உங்களுக்கு ஏத்த தராசுதான். முதல் தடவை கேட்டா போன கேள்விக்குப் பதில்." இருவரும் சேர்ந்து தரையில் பட்டாணி பொறுக்கினார்கள்.

மறுநாள் ஒரு புது மெத்தட் பிறந்தது. பெயர், 'எடை நிற்கும் வரை பொறு'. பெயர் சரியாக இருந்தால் விளக்கம் எதற்கு என்று சண்டை போடுகிறவர், அதன் தலையில் ஒரு வரி விளக்கமும் எழுதினார்: 'தராசு முதலில் சொல்வது பழைய எடை. இன்னொரு தடவை கேட்கவும்.' பிறகு மேலாளரைக் கையோடு கோடவுனுக்கு அழைத்துப்போய், தலையணையும் இரும்புக் குண்டும் மாற்றி மாற்றித் தானே தராசில் தூக்கி வைத்து, 'ரெண்டாவது தடவை சொல்றதுதான் நிஜம்' என்று இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். மேலாளர் போதும் போதும் என்று கெஞ்சிய பிறகுதான் விட்டார். கூட்ஸ் வண்டி மறுபடி பெட்டி பெட்டியாகக் கழன்றது. இந்த முறை தலையணைக்கு ஸ்கூட்டர்தான் வந்தது.

வருடம் முடிகிற வாரத்தில் மாமா அலுவலகம் வந்தார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. அக்காவின் மேஜைக்கே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டோம். மேலாளர் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, "எதுல வந்தீங்க சார்?" என்று இதமாகவே ஆரம்பித்தார்.

"பஸ்ல."

"நல்லது." மேலாளர் வரிசையிலிருந்து தன் இஷ்டத்துக்கு ஒரு மெத்தடைத் திறக்கச் சொன்னார். அக்கா திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "இது என்ன செய்யுது சார்?"

மாமா திரையைப் பார்த்தார். "பஸ்ல" என்றார்.

மேலாளரின் பார்வை கைபேசிக்கு இறங்கியது. அக்காவின் ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை மேஜைக்கு மேலே உயர்ந்து மேலாளரிடம் இரண்டு விரலைக் காட்டியது. கோடவுனில் தராசின் முன்னால் அக்கா காட்டிய அதே இரண்டு விரல். மேலாளர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "இது என்ன செய்யுது சார்?" என்று முன்னைவிட மெதுவாகக் கேட்டார்.

மாமாவின் இடது கை விரல் முதல் வரியில் போய் நின்றது. "பெட்டியை... அளக்குது." விரல் இறங்கியது. "நீளம். அகலம்." இன்னும் ஒரு வரி. "வண்டி... தேடுது." விரல் தயங்கியது. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது பொத்திய கைக்கு இருபுறமும் உப்பியிருந்த கன்னத்தில் தெரிந்தது. போச்சு, மேலே படித்தது நழுவிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

"ரெண்டு வேலை" என்றார் மாமா. நடுவில் ஒரு வரியை விரலால் அழுத்தினார். "இங்க... வெட்டு."

அக்காவின் கை வாயிலிருந்து விழுந்தது. "எங்க? நான் வெட்டினதுல ரெண்டு வேலையா? இருக்கவே இருக்காது!" வேண்டுமென்றே ஒன்றை அப்படி விட்டு வைத்தாரோ என்று பிறகு யாராவது கேட்டால், நான் சத்தியம் செய்யத் தயார், அந்த முகத்தில் இருந்த எரிச்சலை யாராலும் நடிக்க முடியாது. மாமாவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு திரையின் முன் குனிந்தார். மூச்சை இழுத்தார். "பெட்டியை அள, நீளம் பாரு, அகலம் பாரு, பெரிசா இருந்தா பெரிய வண்டி எங்க இருக்குன்னு தேடு..." நிறுத்திவிட்டார். மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது, ஆனால் வேலை இரண்டு.

மேலாளர் கைபேசியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அக்கா தன் கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கி, மாமாவின் இடது கைப் பக்கமாக வைத்தார்.